புது நாட்டில் சைக்கிளோடு இறங்குபவருக்கு: முதல் மூன்று நாள்

நீண்ட சைக்கிள் பயணங்கள் குலைந்ததை நான் பார்த்தவரை, பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள்தான் குலைந்திருக்கின்றன. விமானத்தில் ஏற்றிய பெட்டிக்குள்ளேயே வளைந்துபோன ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் கால். வெளியேறும் டிக்கெட் இல்லை என்று கவுண்டரிலேயே நிறுத்தப்பட்ட பயணி. ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாமல் இறங்கி, அன்றிரவே மிதிக்க ஆரம்பித்து, அதிவேகச் சாலைக்குள் மாட்டிக்கொண்டவர். மலையும் பாலையும் பிறகுதான் வருகின்றன. அதற்குள் உடம்பும் வண்டியும் பழகிவிடும். இறங்குகிற அன்றைக்கு எதுவும் பழகியிருக்காது. அதனால் முதல் 72 மணி நேரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கே போடாதீர்கள் என்பேன். அந்த நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

டிக்கெட் எடுக்கும்போதே

பகலில், முடிந்தால் காலையில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். பெட்டி வர நேரமாகலாம், பெரிய வண்டி பிடிக்க நேரமாகலாம், அறையைத் தேடி அலைய நேரிடலாம். இவை எல்லாம் வெளிச்சத்தில் நடந்தால் வெறும் தாமதம். இருட்டில் நடந்தால் அப்படி இல்லை. தங்குமிடத்தை இரண்டு இரவுக்குப் பதிவு செய்யுங்கள். சைக்கிளை அறைக்குள் வைத்துக்கொள்ள விடுவார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

சைக்கிளில் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நாட்டில் இறங்கி வேறொரு நாட்டிலிருந்து திரும்புவார்கள். அதனால் கையில் ஒரு வழி டிக்கெட்தான் இருக்கும். நாட்டை விட்டு வெளியேறுவதற்கான சான்றைப் பல நாடுகள் கேட்கின்றன. அதை உங்களிடம் முதலில் கேட்பவர் புறப்படும் இடத்திலுள்ள விமான நிறுவன ஊழியர். உள்ளே விடப்படாத பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும், பல நாடுகளில் அபராதமும் நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால் அவர் கறாராகத்தான் இருப்பார். ‘சைக்கிளிலேயே எல்லையைத் தாண்டிப் போய்விடுவேன்’ என்ற பதில் பெரும்பாலும் எடுபடாது. பக்கத்து நாட்டுக்கு ஒரு பஸ் டிக்கெட்டோ, பணம் திரும்பக் கிடைக்கும் வகை விமான டிக்கெட்டோ எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விசா நாள் கணக்கைச் சைக்கிள் வேகத்தில் போட்டுப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் பல ஒரே விசாவுக்குள் அடங்கும் ஷெங்கன் பகுதியில் குறுகிய காலப் பயணத்துக்கு எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான். அங்கே எத்தனை எல்லை தாண்டினாலும் கணக்கு ஒன்றே. மழை, காய்ச்சல், உடைந்த ரிம் ஆகியவற்றுக்கு ஒரு பத்து நாளாவது ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் திட்டமிடுங்கள்.

இறங்கும் ஊரின் உயரத்தையும் பாருங்கள். பொலிவியாவின் லா பாஸ் நகருக்கான எல் ஆல்டோ விமான நிலையம் 4,061 மீட்டரில் இருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் இறங்குபவருக்கு நான் சொல்லும் மூன்று நாள் போதாது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

பெட்டி கட்டுதல்

இதற்கு ஒரு முழு மாலை வேண்டும். புறப்படும் நாளன்று செய்யவே செய்யாதீர்கள்.

புது சைக்கிள் கடைக்கு வருவது அட்டைப்பெட்டியில்தான். கடைக்காரர் அதை எடுத்துப் போடப்போகிறவர், கேட்டால் கொடுத்துவிடுவார். கேட்கும்போது பெட்டியை மட்டும் கேட்காமல், முன் ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் இடையே செருகி வரும் பிளாஸ்டிக் கட்டையையும் கேளுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றிய ஃபோர்க், பெட்டி ஒருக்களித்து விழும்போது உள்நோக்கி நெரியும். அந்தச் சின்னக் கட்டைதான் அதைத் தாங்குகிறது. டிஸ்க் பிரேக் என்றால், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட்களுக்கு நடுவே மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். டிஸ்க் இல்லாத நேரத்தில் யாராவது லீவரை அழுத்திவிட்டால் பேட்கள் ஒட்டிக்கொண்டு பிரிக்கவே வராது.

பெடலைக் கழற்றும்போது பலரும் திணறுவார்கள். இடப்பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ். எந்தப் பக்கம் திருப்புவது என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஸ்பேனரின் கைப்பிடி மேல்நோக்கி நிற்கட்டும்; அதைப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும், முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும். இரண்டு பெடலுக்கும் இதுவே. மறுபடி மாட்டும் முன் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் ஆறு மாதம் கழித்துக் கழற்றும்போது உங்களையே வாழ்த்துவீர்கள்.

கியர் மாற்றச் செயினை நகர்த்தும் பின்பக்க டெரெய்லியரை 5 மில்லிமீட்டர் ஆலன் கீயால் கழற்றி, துணியில் சுற்றி, சட்டத்தின் உட்பக்கமாகக் கட்டிவிடுங்கள். அது மாட்டியிருக்கும் ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டு, அடி பட்டால் தான் வளைந்து சட்டத்தைக் காப்பதற்காகவே மெல்லிதாகச் செய்யப்பட்டது. ஒவ்வொரு சட்டத்துக்கும் வடிவம் வேறு என்பதால் வழியில் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. உபரியாக ஒன்று இல்லாமல் கிளம்பாதீர்கள். பின்சக்கர ஸ்போக்ஸும் அப்படித்தான்: செயின் பக்கம் ஒரு நீளம், மறுபக்கம் இன்னொரு நீளம். இரண்டிலும் இரண்டிரண்டு எடுத்துச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டிவிட்டால் தொலையாது.

டயர் காற்றைப் பற்றி ஒரு பயம் உண்டு. மேலே போனால் வெடிக்குமாம். வெளிக்காற்றின் அழுத்தம் முழுதாகப் போனாலும் டயருக்குக் கூடுவது ஒரு வளிமண்டல அழுத்தம்தான். நல்ல டயர் அதைத் தாங்கும். ஆனாலும் கவுண்டரில் கேட்பார்கள் என்பதால் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். முழுதாக இறக்கினால் ரிம்முக்குப் பாதுகாப்பு போய்விடும்.

உதிரி பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பது, 3.7 வோல்ட்டால் பெருக்கினால், 74 வாட்-மணி. நிறுவனங்கள் தனித்தனியாகவும் கட்டுப்பாடு வைப்பதால் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். மின்சைக்கிளின் பேட்டரி இந்த அளவையெல்லாம் எங்கோ தாண்டிவிடும். பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அடுப்புக்கான கேஸ் குப்பி எந்தப் பையிலும் போகக் கூடாது. பெட்ரோல் அடுப்பாக இருந்தால் கழுவிக் காயவைத்து, முகர்ந்து பார்த்து, வாசனை துளியும் இல்லை என்றால் மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகிறீர்கள் என்றால் டயரின் பள்ளங்கள், மட்கார்டின் உட்புறம், ஷூவின் அடி, கூடாரத்தின் முளைகள் எல்லாவற்றையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். மண்ணோடு வெளிநாட்டு விதையும் பூச்சியும் நுழையும் என்று அங்கே கடுமையாகச் சோதிப்பார்கள். படிவத்தில் சைக்கிளையும் கூடாரத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். எழுதியவரிடம் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், மறைத்தவருக்கு அபராதம்.

பெட்டியை மூடும் முன் உள்ளே இருக்கும் நிலையில் நான்கைந்து படம் எடுங்கள். பெடல் இணையும் தண்டுக்குக் கீழே, சட்டத்தின் அடிப்புறத்தில் பொதுவாகச் சட்ட எண் பொறித்திருக்கும். அதையும் ஒரு படம். சைக்கிள் திருடுபோனால் காவல் நிலையத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.

இறங்கிய இடத்தில்

பெரிய பெட்டிகள் வழக்கமான சுழல்பட்டையில் வராமல் தனி வாசல் வழியாக வரும் நிலையங்கள் நிறைய. பட்டை நின்ற பிறகும் பெட்டி வரவில்லை என்றால் பதறாமல் அந்த வாசலைக் கேளுங்கள். பெட்டி கிழிந்திருந்தாலோ, ஒரு மூலை நசுங்கியிருந்தாலோ, அங்கேயே, சுங்கத்தைத் தாண்டும் முன்பே திறந்து பாருங்கள். சேதம் இருந்தால் உடனே சாமான் முறையீட்டு மேசையில் எழுத்தில் புகார் பதிந்து, எண் வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்தை 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டியால் ஏற்பட்ட இழப்பை அது கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வெளியே வந்து இரண்டு நாள் கழித்துச் சொன்னால், சேதம் எங்கே நடந்தது என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல் வந்துவிடும்.

விமான நிலையத்திலேயே சைக்கிளின் பாகங்களைப் பூட்டி, வாசலிலிருந்தே மிதித்துக்கொண்டு போகும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் ஒவ்வொரு முறையும் வருகிறது. விமான நிலையங்களைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் சைக்கிளுக்குத் தடை உள்ள அதிவேகச் சாலைகள், பல அடுக்கு மேம்பாலங்கள். அதில் தூக்கக் கலக்கத்தோடு, இன்னும் சோதிக்காத பிரேக்கோடு இறங்குவது எதற்கு? பெரிய வண்டி ஒன்றை முன்பதிவு செய்து, பெட்டியின் நீளம் அகலத்தைச் சொல்லி, அறைக்குப் போய்விடுங்கள்.

அறைக்குள் பாகங்களைப் பூட்டுதல்

முதலில் குளியல், சாப்பாடு, தூக்கம். நேர மாற்றத்தை ஈடுகட்ட உடம்பு தோராயமாக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் கேட்கும். அதை முழுதாகக் கொடுக்க முடியாவிட்டாலும் ஓர் இரவாவது கொடுங்கள். சைக்கிள் எங்கேயும் போகாது.

காலையில் பூட்டும்போது மூன்று இடங்களில் நிதானம் வேண்டும். ஒன்று, ஃபோர்க் திரும்பியிருக்கிறதா என்பது. பெட்டிக்குள் ஹேண்டிலைத் திருப்பி வைத்ததால், எடுக்கும்போது ஃபோர்க் பின்பக்கம் பார்த்து நிற்கும். அப்படியே சக்கரத்தை மாட்டி, ஹேண்டிலை மட்டும் நேராக்கி ஓட்டிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபோர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில், உட்கார்ந்து பார்க்கும்போது முன் டிஸ்க் உங்கள் இடப்பக்கம் இருக்க வேண்டும்.

இரண்டாவது ஹேண்டில் கழுத்து. மேலே உள்ள மூடியின் போல்ட்டை முதலில், ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். அதன் பிறகே பக்கவாட்டு போல்ட்டுகள். வரிசை மாறினால் கழுத்து லொடலொடக்கும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று கையில் தட்டினால் இன்னும் ஆட்டம் இருக்கிறது. பக்கவாட்டு போல்ட்டுகளின் அருகிலேயே எவ்வளவு இறுக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைக் கையில் பிடித்து முறுக்கினால் அளவை மீறுவது கஷ்டம். மூன்றாவது, பின் கியரின் கடைசிப் பல்சக்கரம். ஹேங்கர் லேசாக உள்ளே வளைந்திருந்தாலும் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது டெரெய்லியர் ஸ்போக்ஸுக்குள் போய்ச் சிக்கும். பின்னால் நின்று பார்த்து, நேராகத் தொங்குகிறது என்று உறுதியான பிறகே அந்தப் பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள்.

முடிந்ததும் சுமை ஏற்றாமல் பக்கத்துத் தெருவில் பத்து நிமிடம். பிறகு முழுச் சுமையோடு பத்து நிமிடம். இரண்டும் இரண்டு வேறு வண்டிகள்.

சாலையின் பக்கம் மாறும்போது

இதுதான் நான் அதிகம் கவலைப்படும் இடம்.

ஜப்பான், தாய்லாந்து, இந்தோனேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் இடப்பக்கம். உலகின் பெரும்பகுதியில் வலப்பக்கம். மாறிப் போகிறவர் முதல் நாள் தவறு செய்ய மாட்டார், ஏனென்றால் பயந்துகொண்டே ஓட்டுவார். தவறு மூன்றாம் நாள் நடக்கும், அதுவும் காலிச் சாலையில்.

இடப்பக்கம் பழகியவன் நான். வலப்பக்க நாடு ஒன்றில் மூன்றாம் நாள் காலை, தண்ணீர் பிடிப்பதற்காகச் சாலையைக் கடந்து எதிர்ப்புறக் குழாய்க்குப் போனேன். இரண்டு பாட்டிலையும் நிரப்பி, மூடியைத் திருகிக்கொண்டே ஏறி மிதித்தேன். நின்ற பக்கத்திலேயே, அதாவது இடப்பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தேன். சாலையில் ஒரு வண்டி இல்லை, மரங்கள், நல்ல நிழல், மனசு லேசாக இருந்தது. ஒரு கிலோமீட்டர் போயிருப்பேன். வளைவு ஒன்றில் லாரி நேருக்கு நேர் வந்தது. ஓட்டுநர் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு ஒதுங்கினார். நான் புல்லில் இறங்கினேன். அப்போதும் சில நொடிகள் அவர்தான் தவறான பக்கம் வருகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதிரே வண்டிகள் இருந்தால் அவை நம்மைத் திருத்திவிடும். நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும், தெரு காலியாக இருந்தால், ஆபத்து அங்கேதான். அன்றிலிருந்து ஹேண்டிலில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஓட்ட வேண்டிய பக்கம் பார்த்து ஓர் அம்புக்குறியை வண்ண டேப்பில் ஒட்டிவிடுகிறேன். கண்ணாடியையும் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். அது வண்டிகள் முந்தும் பக்கம் இருக்க வேண்டும். தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் மாறுவதற்கு இன்னும் நாளாகும். முதல் வாரம் சந்திப்புகளில் இரு பக்கமும் இரண்டு தடவை பாருங்கள், வட்டச் சந்திப்புகளில் சந்தேகம் வந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

அங்கேயே சைக்கிள் வாங்கினாலோ வாடகைக்கு எடுத்தாலோ பிரேக் லீவரையும் பாருங்கள். முன் பிரேக் வலக்கையில் இருக்கும் நாடுகளும் உண்டு, இடக்கையில் இருக்கும் நாடுகளும் உண்டு. இறக்கத்தில் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது.

இரண்டாம் நாள், ஊருக்குள்

சிம், பணம் இரண்டும் சட்டென்று முடியும். இரண்டு அட்டைகளை இரண்டு இடத்தில் வையுங்கள். ஏடிஎம் ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போகும்.

வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கிக்கொள்ளுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் இரண்டும் இதற்கு நல்லவை. சீனாவில் கூகுள் சேவைகள் இயங்காது. தென்கொரியாவில் உள்ளூர்க்காரர்கள் நேவர், ககாவோ வரைபடங்களைத்தான் நம்புகிறார்கள். நகரத்துக்குள் நுழையவும் வெளியேறவும் ஸ்ட்ராவா செயலியின் ஹீட்மேப் கைகொடுக்கும். அங்குள்ள சைக்கிள்காரர்கள் நிஜமாக எந்தச் சாலையில் போகிறார்கள் என்பது ஒளிரும் கோடுகளாகத் தெரியும். தங்க இடமும் உள்ளூர் விவரமும் வேண்டுவோருக்கு, சைக்கிள் பயணிகளை சைக்கிள்காரர்களே வீட்டில் தங்கவைக்கும் வார்ம்ஷவர்ஸ் வலையமைப்பு 1993 முதல் இருக்கிறது. ஒரு மாலை அப்படி ஒருவரோடு பேசினால் தெரிந்துகொள்வது, ஒரு வாரம் படித்தாலும் கிடைக்காது.

சட்டத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஹெல்மெட் கட்டாயம். பிரான்ஸில் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினால் ஒளிரும் மேலங்கி அணிய வேண்டும். டென்மார்க்கில் சந்திப்பில் நேரடியாக இடப்புறம் திரும்பக் கூடாது. எதிர்முனை வரை போய், நின்று, அங்கிருந்து கடக்க வேண்டும். ஜப்பானில் ரயிலில் சைக்கிளை ஏற்ற வேண்டுமானால் கழற்றி, அதற்கான பைக்குள் முழுதாக மூட வேண்டும். டிராம் ஓடும் நகரங்களில் தண்டவாளப் பள்ளம் டயரை விழுங்கும் அகலம் உடையது. செங்குத்தாக வெட்டிக் கடந்துவிடுங்கள், மழையில் இன்னும் கவனமாக.

பூட்டு விஷயத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். நகரத்தில் சுமையோடு நிற்கும் சைக்கிளை இரண்டு நிமிடம்கூடக் கண்ணை விட்டு அகல விடாதீர்கள். பாஸ்போர்ட், பணம், போன் மூன்றும் ஹேண்டில் பையில், அந்தப் பை எப்போதும் உங்கள் தோளில்.

அப்படியே ஒரு சைக்கிள் கடைக்குள் போய் உங்கள் டயர் அளவு கிடைக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் 37-622, 50-559 போல அச்சிட்டிருக்கும். இரண்டாவது எண்தான் முக்கியம், ரிம்மோடு பொருந்த வேண்டியது அதுதான். 622 என்பது கடையில் 700சி என்று சொல்லும் அளவு, 559 என்பது பழைய 26 அங்குலம். வால்வும் அப்படியே: மெல்லிய பிரெஸ்டா வால்வை ரிம்மின் அகலமான துளையில் சமாளித்துப் போடலாம், கார் டயரில் இருக்கும் தடித்த ஷ்ரேடர் வால்வு மெல்லிய துளைக்குள் போகாது. அடுத்துப் போவது இவை கிடைக்காத நாடு என்று தெரிந்தால் டியூபும் பிரேக் பேடும் இங்கேயே கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தரைவழி எல்லை என்றால்

காலையில் போய்ச் சேருங்கள். சைக்கிளுக்கு மோட்டார் வாகனம்போல் கார்னே ஆவணம் (வண்டியைத் தற்காலிகமாக நாட்டுக்குள் கொண்டுவருவதற்கான சுங்கப் பத்திரம்) தேவையில்லை. முத்திரை குத்தியதும் கவுண்டரை விட்டு நகராமல் தேதியைப் படியுங்கள். தவறான தேதி வெளியேறும் நாளன்று உங்கள் குற்றமாகிவிடும். இரு நாட்டுச் சாவடிகளும் அடுத்தடுத்து இருக்கும் என்று எண்ண வேண்டாம். கிர்கிஸ்தானுக்கும் தஜிகிஸ்தானுக்கும் இடையே, 4,280 மீட்டர் உயரத்தில் உள்ள கிசில் ஆர்ட் கணவாயில் ஒரு சாவடிக்கும் மறு சாவடிக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர் மண்சாலை. தண்ணீரும் குளிருக்கான உடையும் அதற்கேற்ப இருக்கட்டும். சில எல்லைகளில் மிதித்துக் கடக்கவே விடுவதில்லை; பாகிஸ்தானுக்கும் சீனாவுக்கும் இடையே உள்ள குஞ்செராப் கணவாயின் சீனப் பக்கத்தில் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

மூன்றாம் நாள், நகரை விட்டு

ஞாயிறு போன்ற விடுமுறை நாளின் விடியற்காலை அமைந்தால் அதைவிட நல்ல நேரம் இல்லை. இல்லாவிட்டாலும் அலுவலக நெரிசலுக்கு முன்பே புறநகரைத் தாண்டிவிடுங்கள். நெரிசல் மிகுந்த பெருநகரம் என்றால் உள்ளூர் ரயிலில் 30, 40 கிலோமீட்டர் வெளியே போய் அங்கிருந்து மிதிப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பயணம் அங்கிருந்து தொடங்கியது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மிதிக்கும் முதல் நாள் 40 கிலோமீட்டர் போதும். வெயில் மிகுந்த நாட்டுக்கு வந்திருந்தால் இன்னும் குறைவு. சூட்டுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும், அதுவரை நண்பகலில் நிழலில் இருங்கள். மாலையில் நின்றதும், கூடாரம் போடும் முன், 4, 5 மில்லிமீட்டர் ஆலன் கீகளை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி ஒரு தடவை வாருங்கள். கேரியர் போல்ட், மட்கார்டு போல்ட், கழுத்து, சீட், பெடல். புதிதாகப் பூட்டிய வண்டியில் சுமையோடு போன முதல் நாளுக்குப் பிறகு ஏதோ ஒன்றாவது அரைச் சுற்று உள்ளே போகும். கேரியரின் கீழ் போல்ட்டைத் தொட்டுப் பார்க்க மறக்காதீர்கள், பையின் பின்னால் மறைந்திருப்பது அது ஒன்றுதான்.